கால்சியத்தையும் கொஞ்சம் பாருங்கள்

ஆசிரியருக்கு,

தைராய்டு மாத்திரை சாப்பிட்டும் அசதியும் எலும்பு வலியும் போகவில்லை என்றால், "தைராய்டு டெஸ்ட் டி.எஸ்.எச். நார்மல்தானே, வீட்டில் ஏதாவது டென்ஷனா?" என்கிறார் டாக்டர். ரிப்போர்ட்டில் 10.5-க்குள் இருக்க வேண்டிய ரத்தக் கால்சியம் 11.2. அதை அவர் கண்டுகொள்ளவே இல்லை. தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் பாராதைராய்டு சுரப்பிகள் பெரும்பாலும் நான்கு இருக்கும். கால்சியம் அவற்றின் பொறுப்பு. கால்சியம் ஏறினால், அவை சுரக்கும் பி.டி.எச். ஹார்மோன் இறங்க வேண்டும். இறங்காமல் 'நார்மல்' எல்லைக்குள் நின்றாலும் அந்தச் சுரப்பிகளைச் சந்தேகப்பட வேண்டும். விட்டால் சிறுநீரகக் கல், எலும்புத் தேய்மானம் வரை போகும். நாற்பது தாண்டிய பெண் என்றால் எல்லாமே மெனோபாஸ், மனக்கவலை! (அதற்கும் ஒரு மாத்திரை.) கால்சியம், பி.டி.எச். இரண்டையும் சேர்த்துப் பரிசோதிக்க எழுதித் தர எவ்வளவு நேரமாகும்?

ஒரு வாசகி,
திருச்சி