உங்க அத்தானும் ரொட்டர்டாமும்

மாப்ளே,

பதில் போடாமல் இழுத்தடித்ததற்கு நீ திட்டியதெல்லாம் சரி, வரவு வைத்துக்கொண்டேன். வீட்டில் எல்லாரும் நலம். வாத்தியார் பேரன் சங்கதி எனக்கும் வந்து சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் இதைவிடப் பெரிசெல்லாம் பார்த்தாச்சே, விடு.

விஷயத்துக்கு வருகிறேன். உங்க அத்தான் ஏற்றுமதிக்கான ஐ.இ.சி. நம்பர் வாங்கி லேமினேட் செய்து ஆபீஸில் மாட்டிவிட்டார், அடுத்த மாசம் ஹாலந்தில் ரொட்டர்டாமுக்கு முதல் கன்டெய்னர் பித் பிளாக் (தேங்காய் மட்டையில் நார் எடுத்தபின் மிஞ்சும், செடி வளர்க்க உதவும் தூளை அழுத்திய கட்டி) போகிறது என்று எழுதியிருந்தாய். மாட்டட்டும், தப்பில்லை. ஆனால் அது 500 ரூபாய் கட்டி வீட்டிலிருந்தே வாங்கும் நம்பர். வருஷா வருஷம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரத்தைப் புதுப்பிக்காவிட்டால் முடங்கிவிடும், அதை மட்டும் சொல்லி வை. மிச்சக் காகிதம்: காயர் போர்டில் ஆர்.சி.எம்.சி. என்ற ஏற்றுமதியாளர் பதிவு, பேங்கின் ஏ.டி. கோடைச் சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் பதிவது, வரி கட்டாமல் சரக்கை வெளியே அனுப்ப ஒவ்வொரு நிதியாண்டும் எல்.யு.டி. என்ற உறுதிமொழிப் பத்திரம். அப்புறம் தூத்துக்குடியில் சுங்க வேலை பார்க்க ஒரு நல்ல ஏஜென்ட், சி.எச்.ஏ. என்பார்கள். செடி நோய் இல்லை என்ற பைட்டோ சான்றிதழுக்கும் அவரே வழி சொல்லுவார். காகிதத்தில் கவிழ்ந்த மில் ரொம்பக் குறைவு. கவிழ்வதெல்லாம் சாம்பிளில்.

சாம்பிள் கேட்டால் நம்ம ஆட்கள் என்ன செய்கிறார்கள்? நல்ல பித்தாகப் பொறுக்கி, நாலு தண்ணீர் விட்டு அலசி, சல்லடையில் ரெண்டு தரம் சலித்து, வெயில் பார்த்துக் காய வைத்து, அழகாக ஒரு பிளாக் அடித்து அனுப்புகிறார்கள். அங்கே மீட்டரில் இ.சி., அதாவது உப்பு எவ்வளவு என்று காட்டும் எண் (குறைந்தால் நல்லது), 0.4 காட்டுகிறது. வாங்குகிறவன் மகிழ்ந்துபோய் ஆர்டர் போடுகிறான். கன்டெய்னருக்குப் போவதோ 5,000 பிளாக். களத்தில் ஒரு மூலை நன்றாக அலசியது, ஒரு மூலை அரைகுறை, நடுவில் நேற்று மில்லிலிருந்து வந்த பச்சைப் பித். ஒரே லாட்டில் 0.4-ம் இருக்கும், 1.5-ம் இருக்கும். அவன் பத்து பிளாக் உடைத்துப் பார்ப்பான், மூன்று தப்பினால் மொத்தத்துக்கும் விலையைக் குறைப்பான். சரக்கு அவன் துறைமுகத்தில் நிற்கும்போது நாம் பேரம் பேசவா முடியும்? அதனால் அத்தானிடம் சொல்: தினமும் அலுக்காமல் எதைச் செய்ய முடியுமோ அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிளாக் எடுத்து அனுப்பட்டும். 0.8 வந்தால் 0.8 என்றே விலை பேசட்டும். அதற்கும் ஆள் இருக்கிறான்.

மீட்டர் விஷயத்தில் இன்னொரு குழி. இங்கே பலர் ஒரு பங்கு பித்துக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்து அளக்கிறார்கள். ஹாலந்துக்காரர்கள் ஈரப்படுத்திய பித் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்றரைப் பங்கு என்று அளக்கிறார்கள். தண்ணீர் குறைந்தால் உப்பு அடர்த்தியாகத் தெரியும். அதே பித்துக்கு இங்கே ஒரு எண், அங்கே அதைவிடப் பெரிய எண். ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை, சண்டை மட்டும் நிஜம். ஆர்டரில் இ.சி. எண்ணுக்குப் பக்கத்திலேயே எந்த முறையில் அளந்தது என்று எழுதச் சொல். மீட்டரை வாரம் ஒரு தடவையாவது இ.சி. தெரிந்த அளவுக் கரைசலில் வைத்துச் சரிபார்க்கவும் சொல்.

இனி தண்ணீர். எத்தனை அலசு அலசினாலும், அலசும் தண்ணீரின் இ.சி.க்குக் கீழே பித் இறங்காது. சித்திரையில் போர்வெல் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்பு, ஏறிவிடும். மார்கழியில் 0.5 வந்த அதே களத்தில் அப்போது 1-க்குக் கூட இறங்காது. ஆட்கள் ஏமாற்றுகிறார்கள் என்று மில்காரர் கத்துவார், குற்றவாளி போர்வெல். முதலில் தண்ணீர் ரிப்போர்ட் எடுக்கட்டும். அலசி வடிகிற காப்பிக் கலர் தண்ணீரை எங்கே விடப் போகிறார் என்றும் கேள். பக்கத்துத் தோட்டத்தில் இறங்கினால் ஊரே வாசலுக்கு வரும், அதில் நான் ஊர்ப் பக்கம்தான்.

பஃபரிங் என்று ஒன்று கேட்பான் அவன். அத்தான் "அலசியாச்சே" என்பார். அலசினால் போவது மேலே மிதக்கும் உப்பு. நாரோடு ஒட்டியிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் வெறும் தண்ணீருக்கு அசையாது. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறப்போட்டால் கால்சியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு அவற்றை வெளியே தள்ளும். தள்ளியது தண்ணீரில்தானே இருக்கும்? அதனால் பிறகும் ஒரு முறை நன்றாக அலச வேண்டும். இதை விட்டுவிட்டு இ.சி. திடீரென்று ஏறிவிட்டது என்று அலறியவர்கள் நிறைய. பஃபர் செய்யாத பித்தில் தக்காளி வைத்தால், விவசாயி ஊற்றும் கால்சியத்தைப் பித் விழுங்கிவிடும், காயின் அடி கறுத்து அழுகும். உன் பிளாக்கை எவனும் மறுபடி வாங்க மாட்டான்.

எடையிலும் ஒரு சிக்கல். நாம் 5 கிலோ என்று விற்கிறோம், அவன் லிட்டரில் வாங்குகிறான். ஒரு பிளாக்கில் தண்ணீர் ஊற்றினால் 65, 70 லிட்டராவது விரிய வேண்டும் என்பான். தூசி அதிகமாக இருந்தாலோ, பிரஸ்ஸில் அளவுக்கு மீறி அழுத்தினாலோ விரியாது. ஈரம் 15, 18 சதவீதத்துக்குள் நிற்கட்டும். அதற்கு மேலே போனால் பூசணம், ரொம்பக் காய்ந்தால் மூலை உடைந்து உதிரும். களமும் சிமென்ட் களமாக இருக்க வேண்டும். மண் தரையில் காய வைத்தால் புல் விதை ஏறும். ஆஸ்திரேலியாவுக்கு அப்படி ஒன்று போனால் கதை முடிந்தது.

இதில் எனக்கு நிஜமாகவே கவலை காலம்தான். அங்கே வசந்தத்துக்கு முன்னால் சரக்கு குடோனில் இருக்க வேண்டும். அதற்கு நாம் ஐப்பசி, கார்த்திகையில் காய வைக்க வேண்டும், அடைமழையில். அத்தான் இப்போது ஆர்டர் ஒப்புக்கொண்டால் அரைகுறையாகக் காய்ந்தே பித் பிரஸ்ஸுக்குப் போகும், எனக்கு நன்றாகத் தெரியும். மாசியிலிருந்து வைகாசிக்குள் காய வைத்து, கூரைக்குக் கீழே இருப்பு வைக்க இடம் இருக்கிறதா என்று கேள். இல்லையென்றால் இந்த வருஷம் ஒரே கன்டெய்னரோடு நிறுத்தச் சொல். கோபித்துக்கொள்வார், கோபிக்கட்டும்.

விலை: ரொட்டர்டாம் வரை சேர்த்து ஒரே விலை சொல்லக் கூடாது. பித் மலிவான, இடம் அடைக்கிற சரக்கு, கப்பல் கட்டணமே விலையில் பெரும் பங்கு. 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கியபோது கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தன, கட்டணம் எங்கோ போயிற்று. முன்பே கப்பல் கட்டணமும் இன்சூரன்ஸும் சேர்த்த சி.ஐ.எஃப். விலை பேசியவர்கள் கைக்காசைப் போட்டுச் சரக்கை அனுப்பினார்கள். தூத்துக்குடியில் கப்பலில் ஏற்றும் வரை மட்டும் நம் பொறுப்பு என்ற எஃப்.ஓ.பி. விலை சொல்லட்டும், பையர் சொல்லும் கப்பல் கம்பெனியிடம் ஒப்படைப்பதோடு பொறுப்பு முடிகிற எஃப்.சி.ஏ. இன்னும் நல்லது, கன்டெய்னர் சரக்குக்கு அதுதான் பொருத்தம். தூத்துக்குடியில் ஏற்றியது பெரும்பாலும் கொழும்பில் இறங்கிப் பெரிய கப்பல் மாறும், அங்கே தேங்குவதையும் கணக்கில் வைக்கச் சொல். 40 அடி ஹைகியூபில் (உயரம் கூடிய கன்டெய்னர்) ஐரோப்பாவுக்கு 25 டன் வரை ஏற்றுகிறார்கள். அமெரிக்கா என்றால் ரோட்டு எடை வரம்பு காரணமாக 20 டன்னை ஒட்டி நிறுத்த வேண்டும். கட்டைப் பேலட்டில் பூச்சி நீக்கியதற்கான ஐ.பி.பி.சி. முத்திரை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க ஒரு ஆள். காலி கன்டெய்னர் வந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல். கூரையில் ஊசி முனை வெளிச்சம் தெரிந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டும், டிரைவர் என்ன முனகினாலும்.

பணம்: முதல் ஆர்டருக்கு 30 சதவீதம் முன்பணம், மிச்சம் பி.எல். (சரக்கு ஏறியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீது) நகல் காட்டியதும். பணம் ஏறும்வரை ஒரிஜினல் பி.எல். அத்தான் பெட்டியில். கடன் கேட்கும் பையராக இருந்தால் ஏற்றுமதிக் கடனுக்கு இன்சூரன்ஸ் தரும் இ.சி.ஜி.சி.யில் அவன் பேரில் வரம்பு வாங்கிய பிறகு பேசட்டும். எல்.சி. (பணத்துக்குப் பையரின் பேங்க் தரும் உறுதி) என்றால் அதில் உள்ள பெயர், எடை, தேதி எல்லாக் காகிதத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும், கப்பல் ஏறி 21 நாளுக்குள் பேங்கில் கொடுக்க வேண்டும். அப்புறம், "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது" என்று அத்தான் பெயரிலேயே பையருக்கு ஒரு மெயில் போகும். அதை அனுப்புகிற திருடன் இரு தரப்பு மெயிலையும் படித்துக்கொண்டே இருப்பான். கணக்கு நம்பரை போனில் குரல் கேட்டு உறுதி செய்யாமல் பணம் அனுப்பாதே என்று பையரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பையர் பிடித்துத் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் அந்தக் கோவைப் புரோக்கருக்கு ஒரு பைசா வேண்டாம். அந்தக் காசைச் சேர்த்து வைத்து ஜனவரியில் ஜெர்மனியில் எஸ்ஸன் நகரத்தில் நடக்கும் ஐ.பி.எம். என்ற செடி வளர்ப்புத் தொழில் கண்காட்சிக்கு ஒரு நடை போய்வரட்டும். பித் வாங்குகிறவர்கள் அங்கே வருவார்கள். நீயும் கூடப் போ, இல்லையென்றால் மனுஷன் இங்கிருந்தே புளிச்சோறு கட்டிக்கொண்டு கிளம்புவார்.

முதலில் எனக்கு வேண்டியது மூன்று: போர் தண்ணீர் ரிப்போர்ட், களத்தில் நாலு மூலையிலும் நடுவிலும் எடுத்த பித்தின் இ.சி., போன ஐப்பசியில் எத்தனை நாள் பிரஸ் ஓடியது என்ற கணக்கு. லேமினேட் போட்டோ வேண்டாம்.

உன்,
மூணாவது பெஞ்ச்