கேள்வி கேட்கப் போகும் மகளுக்கு

அன்பு மகள் கயலுக்கு,

உன் குரல் பதிவை அம்மாவும் நானும் கேட்டோம். செய்திப் பிரிவிலிருந்து நட்சத்திரப் பேட்டி நிகழ்ச்சிக்கு உன்னை மாற்றிவிட்டார்கள், இனி நீயே திரையில் உட்கார்ந்து கேள்வி கேட்கப் போகிறாய் என்று சொன்னாய். ஆனால் குரலில் சந்தோஷமே இல்லை. "அமைச்சர்களைக் கேள்வி கேட்க லண்டனுக்கு வந்தேன், இப்போது நடிகைகளிடம் கதை கேட்கச் சொல்கிறார்கள்" என்றாய். போனில் பேசினால் சாப்பாடு, குளிர், விசா என்று பேச்சு திசைமாறிப் போய்விடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன்னைக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. உன்னைத் தேற்றச் சொல்லும் பேச்சு இல்லை இது. ஓய்வு பெற்ற பிறகு நூலகத்தில் எடுத்துப் படித்தவற்றில் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டியாளர் பார்பரா வால்டர்ஸின் வாழ்க்கை என்னை ரொம்ப நாள் விடவில்லை. அவருடைய பழைய பேட்டிகளையும் இணையத்தில் தேடித் தேடிப் பார்த்தேன். நீ இன்று வருத்தப்படும் இதே இடத்தில்தான் அவர் தன் பெயரையே கட்டினார்.

1929இல் பாஸ்டனில் பிறந்தவர். அவர் அப்பா லூ வால்டர்ஸ் ஆட்டம் பாட்டு நடக்கும் பெரிய இரவு விடுதிகளை நடத்தியவர். அதனால் சின்ன வயதிலேயே பிரபலங்களை மேடைக்குப் பின்னால் பார்த்து வளர்ந்தார். பெரிய பெயரைக் கண்டு வாயடைத்து நிற்கும் பழக்கம் அவருக்கு வரவே இல்லை. அப்புறம் அப்பாவின் பணமெல்லாம் போயிற்று. பெற்றோரையும் மனவளர்ச்சி குறைந்த அக்காவையும் காப்பாற்றும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. ஆசைக்காக மட்டும் வேலைக்குப் போனவர் இல்லை.

1961இல் என்பிசி தொலைக்காட்சியின் 'டுடே' காலை நிகழ்ச்சியில் எழுத்தாளராகச் சேர்ந்தார். மெல்ல மெல்லத் திரைக்கு வந்தார். 1971இல் அந்த நிகழ்ச்சிக்குத் தொகுப்பாளராக வந்த ஃபிராங்க் மெக்கீ ஒரு விதி போட்டார். முக்கியமான விருந்தினர் அரங்குக்கு வந்தால் முதல் மூன்று கேள்விகளை அவர் கேட்பார், நான்காவதிலிருந்துதான் பார்பரா வாய் திறக்கலாம். படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பார்பரா என்ன செய்தார் தெரியுமா? அரங்குக்குள்தானே அந்த விதி என்று வெளியே போய்த் தானே பேட்டிகளை எடுத்து வந்தார். தேடிப்போய்ப் பேட்டி எடுப்பவர் என்ற பெயர் அவருக்கு அப்படித்தான் வந்தது. மெக்கீ 1974இல் இறந்த பிறகுதான் இணைத் தொகுப்பாளர் என்ற பதவி கிடைத்தது. அந்த நிகழ்ச்சியில் அந்தப் பெயரோடு உட்கார்ந்த முதல் பெண் அவர்.

அடுத்ததுதான் நீ கவனிக்க வேண்டியது. 1976இல் ஏபிசி என்ற இன்னொரு தொலைக்காட்சி அவரை வருடத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு எடுத்துக்கொண்டது. மாலைச் செய்தியில் அங்கே செய்தி வாசித்த ஹாரி ரீசனருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். அமெரிக்காவின் பெரிய தொலைக்காட்சிகளில் அதுவரை எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத இடம். ஆனால் அந்தச் சம்பளத்தில் பாதிதான் செய்திப் பிரிவிலிருந்து வந்தது, மறுபாதியைக் கொடுத்தது கேளிக்கைப் பிரிவு. வருடத்துக்கு நான்கு சிறப்புப் பேட்டி நிகழ்ச்சிகள் செய்து தர வேண்டும் என்று பேச்சு. செய்தி மேசையில் ரீசனர் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவே விரும்பவில்லை, அது திரையிலேயே தெரிந்தது. அந்த ஜோடி 1978இல் பிரிந்தது. நிலைத்தது சிறப்புப் பேட்டிதான்! 1976 டிசம்பரில் வந்த முதல் நிகழ்ச்சியில் யார் யார் தெரியுமா? அப்போதுதான் தேர்தலில் வென்றிருந்த ஜிம்மி கார்ட்டரும் அவர் மனைவியும் ஒரு பக்கம், பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் மறுபக்கம். ஒரே நிகழ்ச்சியில் அதிபராகப் போகிறவரும் பாடகியும். மறுவருடமே கியூபாவின் தலைவர் காஸ்ட்ரோவிடம் பேசினார். நவம்பரில் எகிப்து அதிபர் சதாத் ஜெருசலேம் போனபோது சதாத்தையும் இஸ்ரேல் பிரதமர் பெகினையும் சேர்த்து உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்.

நடிகைக்கு ஒரு முறை, நாட்டுத் தலைவருக்கு ஒரு முறை என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. இருவருக்கும் ஒரே உழைப்புதான். சின்ன அட்டைகளில் கேள்விகளை எழுதுவார், அடுக்குவார், மாற்றுவார், கழிப்பார். நூறு எழுதி இருபதை வைத்துக்கொள்ளும் பொறுமை யாருக்கு இருக்கிறதோ அவர்தான் அந்த நாற்காலிக்குத் தகுதி என்பேன்.

எனக்குத் தெரிந்த அளவில் இதைச் சொல்ல எனக்கும் உரிமை இருக்கிறது. தொடக்கப்பள்ளியில் எத்தனை பிள்ளைகளுக்கு வாய்மொழித் தேர்வுப் பயிற்சி கொடுத்திருப்பேன்! படத்தைக் காட்டி "இங்கே என்ன நடக்கிறது?" என்றால் "மார்க்கெட்" என்பான், அத்தோடு முடிந்தது. "உனக்கு மார்க்கெட் பிடிக்குமா?" என்றால் "பிடிக்கும்". பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை, கேள்வி அப்படி. ஒருமுறை அப்படி ஊமையாக உட்கார்ந்திருந்த ஒரு பையனிடம், "தேக்கா மார்க்கெட்டுக்கு யாரோடு போவாய், அவர் முதலில் எந்தக் கடையில் நிற்பார்?" என்று கேட்டேன். அவன் பாட்டி மீன்காரரிடம் பேரம் பேசுவதை அப்படியே நடித்துக் காட்டினான். மணி அடித்தும் நிறுத்தவில்லை. நட்சத்திரமும் அந்தப் பையன் மாதிரிதான், கயல். எல்லோரும் கேட்பதையே நீயும் கேட்டால் எல்லோருக்கும் கொடுத்த பதிலையே உனக்கும் கொடுப்பார்.

பதிலைக் கேட்டு அதிலிருந்து அடுத்த கேள்வியை எடுப்பது இன்னும் கஷ்டம். 1981இல் நடிகை கேத்தரின் ஹெப்பர்னிடம் "நீங்கள் என்ன மரம்?" என்று பார்பரா கேட்டதை வைத்துப் பல வருடம் கேலி செய்தார்கள். முழுப் பேட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தன்னை மரத்தோடு ஒப்பிட்டது முதலில் ஹெப்பர்ன்தான். பார்பரா காதுகொடுத்துக் கேட்டதால் வந்த கேள்வி அது. உன்னையும் ஒருநாள் வெட்டி ஒட்டிப் போட்டுச் சிரிப்பார்கள். அதற்காகக் கேட்பதை நிறுத்தாதே.

அவர் செய்ததெல்லாம் எனக்கு உடன்பாடு இல்லை. அமெரிக்க அதிபர் கிளின்டனோடு இருந்த உறவால் பெயர் அடிபட்ட மோனிகா லெவின்ஸ்கியை 1999இல் அவர் எடுத்த பேட்டியைச் சுமார் 5 கோடிப் பேர் பார்த்தார்கள். உலகமே ஏளனம் செய்த ஒரு சின்னப் பெண்ணுக்குப் பேச இடம் கொடுத்தது பெரிய காரியம். பிற்காலத்தில் உன் பிள்ளைகளிடம் என்ன சொல்வாய் என்று கேட்டார், அந்தப் பெண் தப்பை ஒப்புக்கொண்டு பதில் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். காமிராவைப் பார்த்து அந்தப் பதிலைக் குத்திக்காட்டி ஒரு வரி சொல்லி முடித்தார் பார்பரா. நம்பிப் பேசியவரை அவர் பதில் சொல்ல முடியாத இடத்தில் குத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. நீ அதைச் செய்யாதே. விருந்தினர் அழுதால்தான் நல்ல பேட்டி என்று உன் தயாரிப்பாளர் சொன்னாலும் கேட்காதே.

நீ இருக்கும் நாட்டிலேயே மைக்கேல் பார்க்கின்சன் என்ற பேட்டியாளர் இருந்தார். யார்க்‌ஷயர் சுரங்கத் தொழிலாளியின் மகன். 1971இல் பிபிசியில் தன் நிகழ்ச்சியைத் தொடங்கி, குத்துச்சண்டை வீரர் முகமது அலியை நான்கு முறை பேட்டி கண்டார். அவற்றை வரிசையாகப் பார். முதலாவதில் வார்த்தைகள் பாய்கின்றன, 1981இல் வந்த கடைசிப் பேட்டியில் அலியின் பேச்சே தளர்ந்துவிட்டது. பத்து வருடத்தில் ஒரு மனிதருக்கு என்ன ஆனது என்பதை எந்தச் செய்தியறிக்கையும் எனக்கு இப்படிக் காட்டியதில்லை.

நம் சிங்கப்பூரிலும் உனக்குப் பாடம் இருக்கிறது. தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைச் சேர்த்து வருகிறது. தமிழ்ப் பதிவுகளும் உண்டு, இணையத்திலேயே கேட்கலாம். கேட்பவர் எங்கே அவசரப்படாமல் இருக்கிறார் என்று கவனி. காமிரா இல்லை, கைதட்டல் இல்லை, ஆனாலும் மனிதர்கள் மனம் திறக்கிறார்கள்.

வேலையோடு வேலையாக வீட்டையும் மறக்காதே. பார்பராவின் வாழ்க்கையில் எனக்கு வலித்த பகுதி அவர் மகளைப் பற்றியது. பதின்ம வயதில் அந்தப் பெண் வீட்டை விட்டே ஓடினாள், பிறகு இருவரும் சேர்ந்தார்கள். உனக்குக் குடும்பம் ஆகும்போது இதை நினைத்துக்கொள், இப்போதைக்கு அம்மாவின் அழைப்பை எடுத்தால் போதும்.

சரி, உன் முதல் விருந்தினர் வயதான நாடக நடிகை என்றாய். விருதுகளை விட்டுவிடு, அதைப் பற்றி ஆயிரம் பேர் கேட்டிருப்பார்கள். முதல் நாடகத்துக்கு வசனம் மனப்பாடம் செய்தபோது எதிரே யார் உட்கார்ந்து கேட்டார்கள் என்று ஆரம்பித்துப் பார். கேள்விகளை எழுதியதும் எனக்கு அனுப்பு. 'ஆமாம்', 'இல்லை' என்று பதில் வரக்கூடியதையெல்லாம் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா
ஜூரோங் வெஸ்ட், சிங்கப்பூர்