வாடகைக்கு இருந்த சனம் எங்க போறது?

ஆசிரியருக்கு வணக்கம்,

யாழ்ப்பாணம் வளருது வளருது எண்டு எல்லாரும் எழுதினம், வளரட்டும், 2014இல யாழ்தேவி ரெயின் திரும்ப வந்ததும் 2019இல பலாலியில பிளேன் இறங்கினதும் எனக்கும் சந்தோசம்தான். ஆனா நல்லூரடியிலயும் டவுனை ஒட்டின ஒழுங்கையளிலயும் வாடகைக்கு இருந்த சனத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறேல்ல.

வெளிநாட்டில இருந்து வீட்டுக்காரர் ஒரு கோல் எடுப்பார், வீடு திருத்தப்போறம் எழும்புங்கோ எண்டு. பிறகு ரைல்ஸ் பதிச்சு ஏசி பூட்டி கேற்றில போர்ட் தொங்கும், நாள் வாடகைக்கு ரூம். நல்லூர்த் திருவிழா 25 நாளிலயே கனக்க உழைக்கலாமெண்டா குடும்பத்துக்கு ஆர் குடுப்பினம்? மிச்ச வீடுகள் பூட்டிக் கிடக்கு. எழும்பிப் போனவை ஆரெண்டா தையல்காரர், நகைப் பட்டறையில வேலை செய்யிறவை, கம்பஸ் பெடியள், பிள்ளையளின்ர படிப்புக்கெண்டு வன்னியில இருந்து வந்து இருந்த தாய்மார்.

சோனகத் தெருப் பக்கம் இன்னும் மோசம். 1990 ஒக்ரோபரில புலிகள் ரெண்டு மணித்தியாலத்தில வெளிக்கிடச் சொல்லித் துரத்தின முஸ்லிம் சனம், சண்டை முடிஞ்சு திரும்பி வந்து பாத்தா வீடு இடிஞ்சு கிடக்கு, கட்டக் காசில்ல, காணி விலையோ ஏறிட்டுது, வித்துப்போட்டு, அகதியா இருந்த புத்தளத்துக்கே போனவையும் இருக்கினம். வேற ஒழுங்கையில வாடகைக்குக் கேட்டா "இது சைவ வீடு தம்பி" எண்டு அனுப்பிவிடுவினம். (காசு வந்துதான் இந்த ஊர் கெட்டுது எண்டு நான் சொல்லேல்ல, சாதி கேட்டு வீடு குடுக்கிறது அதுக்கு முதலே இருந்ததுதான்.)

பகிடி என்னெண்டா ரொறன்ரோவிலயும் லண்டனிலயும் வாடகை ஏறிட்டுது, எங்கட கடையளெல்லாம் போகுது எண்டு புலம்புறவையும் எங்கட ஆக்கள்தான், இங்க ஆக்களை எழுப்புறவையும் அவைதான்.

தேசவழமையில, அதுதான் யாழ்ப்பாணத் தமிழற்ற பழைய வழமைச் சட்டத்தில, பங்குக் காணியை விக்கேக்க பங்காளிக்கு முதல்ல அறிவிக்கோணும் எண்டு இருக்கு, வருசக்கணக்கா வாடகைக்கு இருந்தவனுக்கு அதில ஒரு இடமும் இல்ல. சட்டம் மாறும்வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கேலாது. நாள் வாடகைக்கு விடுற வீட்டுக்கு மாநகர சபை வியாபாரத்துக்குரிய சோலைவரியை (வீட்டுவரியை) எடுக்கட்டும், வருசம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கும் கூட்டிப் போடட்டும். அந்தக் காசில டவுனுக்குக் கிட்ட குறைஞ்ச வாடகையில கொஞ்ச வீடாவது கட்டலாம், அதையும் சமயம் சாதி கேக்காமக் குடுக்கோணும்.

அடுத்த பட்ஜெட்டில இதைக் கதைப்பினமோ எண்டு உங்கட நிருபர் ஒருக்கா உறுப்பினர்மாரிட்டக் கேட்டுப் போட்டா நல்லது.

இப்படிக்கு,
வாடகை வீட்டில இருக்கிற ஒருத்தன்,
நல்லூர்.