ஊருக்குள் மினி பஸ்: நன்றி மடல்

ஊர்ப் பெரியவர்களுக்கும், திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கும் நம் சொந்தபந்தங்களுக்கும் வணக்கம்.

கடமலைக்குண்டிலிருந்து மினி பஸ் நம் ஊருக்குள்ளேயே வர ஆரம்பித்துவிட்டது. தேனி - வருசநாடு ரோட்டில் நம் ஊருக்குப் பிரியும் விலக்கில் இறங்கி, கம்மாய்க்கரை மேல் அரிசி மூட்டையைத் தலையில் சுமந்து வந்த பாடு இனி இல்லை. ஓடியாடியவர்களின் பெயரைப் போட்டுத்தான் எழுத நினைத்தோம். "பேரெல்லாம் எதுக்குப்பா?" என்று பாதிப் பேர் தடுத்துவிட்டார்கள்.

முதல் நன்றி அங்கன்வாடி அக்காவுக்கு. பஸ் கேட்டு மனுவோடு போன இடத்திலெல்லாம் கேட்டது, "உங்க ஊர் ஜனத்தொகை எவ்வளவு?" என்றுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கில் நம் ஊர் தனியாக இல்லை. அதில் வருவாய் கிராமத்துக்குத்தான் எண். நம்மைப் போன்ற உட்கடை ஊர்களின் தலைகள் தாய்க் கிராமத்தோடு சேர்ந்துவிடும். 2021-ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கையும் எடுக்கவில்லை. அக்காவின் பதிவேட்டில்தான் கைக்குழந்தை முதல் கட்டிலோடு கிடக்கும் அப்பத்தா வரை வீடு வீடாக இருந்தது. பிழைக்கப் போனவர்களைத் தனியாகப் பென்சிலில் குறித்து வைத்திருந்தார். அதைத்தான் படியெடுத்து மனுவோடு வைத்தோம்.

இந்த எண்ணுக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்டவர்களுக்காக: 2000-ல் தொடங்கிய பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டத்தில் சமவெளி என்றால் 500 பேர், மலைப்பகுதி என்றால் 250 பேர் இருக்கும் குடியிருப்புக்குத்தான் ரோடு. இப்போது நடக்கும் நான்காம் கட்டத்துக்கும் 2011 கணக்கைத்தான் பார்க்கிறார்கள். தலையை எண்ணாத ஊருக்கு ரோடு எங்கிருந்து வரும், ரோடு இல்லாமல் பஸ் எங்கிருந்து வரும்? 2027 கணக்கெடுப்புக்கு ஆள் வரும்போது எந்த வீடும் பூட்டிக் கிடக்கக் கூடாது.

அடுத்து, வரைபடம் போட்டுக் கொடுத்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா. பாலம், ஓடை, தாழ்வாகத் தொங்கும் கரண்டு கம்பி வரை குறித்திருந்தார். தடம் பார்க்க வந்த அலுவலர் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் நடந்தார்.

எல்லாம் சரியாகி வந்தபோது வண்டி திருப்ப இடமில்லை. சாவடிக்கு எதிரே இருப்பது கிழக்குத் தெரு அத்தையின் களம். நடுவில் வைக்கோல் படப்பு. கேட்கவே எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. அத்தையோ, "மாட்டுக்கு வைக்கோல எங்க வச்சாலும் திங்கும், பஸ்ஸு அங்கனதான திரும்பணும்?" என்று சொல்லி, மறுநாள் விடியுமுன்னே ஆள் விட்டுப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். பெரிய மனுசர்கள் என்று நாம் சொல்லும் சிலர் ஒரு முழ வரப்பை விட மறுத்ததும் அதே வாரத்தில்தான். அதை இங்கே வளர்க்கவில்லை.

கருவேல முள்ளை வெட்டிய தம்பிகள், கிராவல் அடித்த டிராக்டர் மாமா, சான்றுக்கு அலையவிடாத கிராம நிர்வாக அலுவலர், எல்லாருக்கும் நன்றி. டிரைவர் அண்ணனுக்குத் தனி நன்றி. கானாவிலக்கு பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர் யாராவது வண்டியில் இருந்தால், கடமலைக்குண்டில் தேனி பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏற்றிவிடுகிறார். மதுரைக்குப் போகிறவர்கள் ஆண்டிபட்டியில் ரயில் பிடிக்கலாம். அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்ற அந்த ரயில் 2022 மே மாதம் திரும்ப ஓட ஆரம்பித்தும், நம்மில் பாதிப் பேருக்கு அது எட்டாமலே இருந்தது.

ஒரு குறை உண்டு. அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இது தனியார் மினி பஸ், காசு கொடுத்தாக வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகும் சித்திமார் முணுமுணுப்பது நியாயம்தான்.

சாயங்கால வண்டி பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறது. நேரத்தை மாற்ற முதலாளிக்குச் சம்மதம்தான். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் அனுமதிக்க வேண்டும். அதற்கான மனு சாவடியில் இருக்கிறது. கையெழுத்துப் போடாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஊர் இளைஞர்கள்