லேசான அதிர்வாம்!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வார மருத்துவப் பக்கத்தில், இதயத் துடிப்பைக் கண்காணிக்க நெஞ்சுத் தோலுக்கடியில் பொருத்தும் ஐ.சி.டி. கருவி பற்றிய கட்டுரையைப் படித்தேன். இதயம் தாறுமாறாகத் துடித்தால் கருவி ‘லேசான அதிர்வு கொடுத்துச் சரிசெய்துவிடும், நோயாளிக்குத் தெரியக்கூடத் தெரியாது’ என்று போட்டிருக்கிறீர்கள். எனக்கு அதைப் பொருத்தி ஆறு வருடம் ஆகிறது, இடது தோளுக்குக் கீழே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக மேடு தட்டி நிற்கிறது. முதல் ஷாக் வந்தபோது ரேஷன் கடை வரிசையில் இருந்தேன். காளை மாடு நெஞ்சுக்குள்ளிருந்தே முட்டியது மாதிரி இருந்தது, கையிலிருந்த பாமாயில் பாக்கெட் எங்கே போய் விழுந்ததோ! ‘ஷாக், ஷாக்’ என்று கத்தியிருக்கிறேன் போல, சுற்றி நின்ற பத்துப் பதினைந்து பேரில் ஒருத்தர்கூடக் கிட்டே வரவில்லை, தொட்டால் அவர்களுக்கும் கரன்ட் பாயுமாம். தொடுகிறவருக்கு மிஞ்சிப்போனால் சுரீர் என்றிருக்கும், ஆபத்தில்லை. உங்கள் ‘லேசான அதிர்வு’ அப்படித் தொடுகிறவர் கணக்கு, என் கணக்கு இல்லை.

கருவி முதலில் இதயத்தைவிட வேகமாகச் சின்னச் சின்ன மின்துடிப்பால் தட்டிப் பார்க்கும், அது நோயாளிகள் பலருக்கு உணர்வில் படாது, சரி. அதற்கு அடங்காவிட்டால்தான் ஷாக். தன் குருநாதரை இந்த மாதிரிக் கோளாறுக்குப் பறிகொடுத்த, இந்தக் கருவியை உருவாக்கிய டாக்டர் மிரோவ்ஸ்கி பிடிவாதமாக உழைத்ததையும், 1980-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் முதல் நோயாளிக்குப் பொருத்தியதையும் அரைப் பக்கம் எழுதத் தெரிந்தவருக்கு, பொருத்திக்கொண்டவன் ஒருவனைக் கூப்பிட்டு ‘எப்படி இருக்கும் ஐயா’ என்று கேட்கத் தோன்றவில்லை.

இது முதல் தடவையும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் இதே பக்கத்தில் இதை பேஸ்மேக்கர் (அது மெதுவாகத் துடிக்கும் இதயத்தைத் தூண்டிவிடும் கருவி) என்று எழுதினீர்கள், கடிதம் போட்டேன், வரவில்லை. இதை வைத்தால் மாரடைப்பே வராது என்று எழுதினீர்கள், அதற்கும் போட்டேன். மாரடைப்பைக் கொண்டுவரும் ரத்தக் குழாய் அடைப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று உங்களுக்குத் தெரியாதா என்ன! அதைப் படித்துவிட்டு என் மைத்துனர் ‘இனி என்ன மாமா, தைரியமாகப் பிரியாணி சாப்பிடுங்க’ என்கிறார். இப்போது ‘பேட்டரி தீர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்’ என்று ஒரு வரி. சுவர்க் கடிகாரமா அது? மறுபடி தோலைக் கிழித்துப் பெட்டியையே மாற்ற வேண்டும். 2017-இல், அடைத்த ரத்தக் குழாயைத் திறந்துவைக்கும் ஸ்டென்டுக்கு விலை வரம்பு வந்தபோது கொட்டை எழுத்தில் போட்டீர்கள், எனக்கு இந்தப் பெட்டிக்கு நாலரை லட்சம் பில் நீட்டினார்களே, அந்த விலையைப் பற்றி இதுவரை ஒரு வரி உண்டா?

சரி, அதெல்லாம் போகட்டும். அடுத்த இதழில் ஒரு மூலையில் நாலு வரி போடுங்கள்: ஒரு ஷாக் வந்து உடம்பு தெளிவாக இருந்தால் டாக்டருக்குப் போன், அடுத்தடுத்து வந்தாலோ மயக்கம் வந்தாலோ உடனே 108. பக்கத்தில் நிற்பவர்கள் தொடலாம், பிடித்து உட்கார வைக்கலாம்.

இதுவும் குப்பைக் கூடைக்குத்தான் என்றால் ஒரு போஸ்ட் கார்டாவது போட்டுச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
இருபத்திரண்டு வருடச் சந்தாதாரர்,
கும்பகோணம்.