அட்லாண்டாவில் கடை எடுக்கும் நண்பனுக்கு

மினியாபொலிஸ்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் மருத்துவப் படிப்பை முடித்துவிட்டாள் என்ற செய்தியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், மிகவும் மகிழ்ந்தார். நாங்கள் அனைவரும் நலம். கறுப்பின மக்கள் மிகுதியாக வாழும் பகுதியில் மளிகைக் கடை எடுக்கப் போவதாக எழுதி, அவர்களிடம் நியாயமாக நடந்துகொள்ள ஒரு சிறு கடைக்காரன் என்ன செய்ய முடியும் என்று கேட்டிருந்தாய். இங்கே பல ஆண்டுகளாகக் கடை நடத்துபவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன்.

கறுப்பின மக்களுக்கு ஆதரவாகக் கடை வாசலில் ஒட்டும் அறிவிப்பையும் ஆண்டுக்கு ஒருமுறை தரும் நன்கொடையையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் சீர்செய்ய வேண்டியது கல்லாவில் நிற்பவரின் பார்வை. 1991 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸில் லட்டாஷா ஹார்லின்ஸ் என்ற 15 வயதுக் கறுப்பினச் சிறுமி ஆரஞ்சுச் சாறு வாங்கப் போனாள். அவள் திருட வந்திருக்கிறாள் என்று எண்ணிய கடைக்காரப் பெண்மணியோடு ஏற்பட்ட கைகலப்புக்குப் பின், திரும்பி நடந்தவளை அவர் சுட்டுக் கொன்றார். சாற்றின் விலை 1.79 டாலர்; அதற்கான பணம் சிறுமியின் கையிலேயே இருந்தது. சுட்டவர் கொரியாவிலிருந்து குடியேறி, நம்மைப் போலவே உழைத்துக் கடை நடத்தியவர். நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டது. 1992இல் அந்நகரில் கலவரம் மூண்டபோது கொரியர்களின் கடைகள் ஏராளமாக எரிக்கப்பட்டதற்கு அந்த ஆறாத கோபமும் ஒரு காரணம். தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் நாம். ஒருவர் உள்ளே நுழையும்போதே அவர் யார் என்று முடிவு கட்டிவிடுவது எத்தகைய அவமதிப்பு என்பதை யாரும் நமக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆகவே பையை வாங்கி வைப்பதானாலும், பெரிய நோட்டைச் சோதிப்பதானாலும், எல்லோருக்கும் ஒரே விதி வை. இல்லையேல் யாருக்கும் வைக்காதே.

எங்கள் நகரில் 2020 மே 25 அன்று நடந்ததை நீ அறிவாய். போலி என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு 20 டாலர் நோட்டுக்காகக் கடையிலிருந்து காவல்துறைக்கு அழைப்புப் போனது. சற்று நேரத்தில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் ஒரு காவலரின் முழங்காலுக்கடியில் உயிரிழந்தார். கொன்றது காவலர்தான். இருந்தாலும், கள்ள நோட்டை வாங்கிவிட்டால் அந்தத் தொகையை ஊழியரே ஈடுகட்ட வேண்டும் என்பது கடையின் வழக்கம் என்று கல்லாவில் நின்ற இளைஞர் நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்ததைக் கேட்டபோது, ஒரு முதலாளியாக நான் உறைந்துபோனேன். என் கடையில் அத்தகைய இழப்பு கடைக் கணக்கிலேயே எழுதப்படும். யாருடைய உடலுக்கும் ஆபத்தில்லாத விவகாரத்தில் காவல்துறையை அழைக்க வேண்டுமா என்பதை நானோ என் மனைவியோதான் முடிவு செய்வோம். பதற்றத்தில் இருக்கும் இளைஞரின் தலையில் அந்தப் பொறுப்பைச் சுமத்துவதில்லை.

ஆள் எடுப்பதில் இன்னும் கவனம் வேண்டும். சமூகவியலாளர் டேவா பேஜர் மில்வாக்கி நகரில் நடத்திய, 2003இல் வெளியான ஆய்வில், ஒரே தகுதி கொண்டவர்களாகக் காட்டிக்கொண்ட இளைஞர்கள் வேலை கேட்டுச் சென்றார்கள். குற்றப் பதிவு உள்ள வெள்ளையரில் 17 விழுக்காட்டினருக்கும், எந்தக் குற்றப் பதிவும் இல்லாத கறுப்பரில் 14 விழுக்காட்டினருக்கும் மட்டுமே மறு அழைப்பு வந்தது. இனப் பாகுபாட்டைத் தடுக்கும் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் வேலைவாய்ப்புப் பிரிவு 15 ஊழியர்களுக்குக் குறைவான கடைகளைத் தொடுவதில்லை என்று யாராவது உன்னிடம் சொன்னால் அதில் ஆறுதல் தேடாதே. அடிமை முறை ஒழிந்ததும் 1866இல் இயற்றப்பட்ட குடிமை உரிமைகள் சட்டம் ஒரே ஒரு ஊழியர் உள்ள கடையையும் கட்டுப்படுத்தும். தெரிந்தவரின் தம்பி, கோயிலில் பார்த்த பையன் என்றே ஆள் சேர்த்தால் கடை முழுவதும் நம்மவர்களாகவே இருப்பார்கள். அந்தத் தெருவிலேயே விளம்பரம் ஒட்டு. சம்பளத்தை அதில் வெளிப்படையாக எழுது. சிறை சென்று திரும்பியவரைச் சேர்க்கத் தயங்கினால், தொழிலாளர் துறையின் பிணைக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. முதல் ஆறு மாதங்களில் அவரால் திருட்டு இழப்பு நேர்ந்தால் ஈடு கிடைக்கும், அதற்கு முதலாளி கட்டணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை.

கடைப் பணத்தை எங்கே போடுவது என்பதையும் யோசி. 1930களில் கறுப்பர் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகக் குறித்து, அங்கே வீட்டுக்கடன் கிடைக்காமல் செய்தார்கள். உன் நகரிலேயே 1921இல் கறுப்பின மக்கள் தொடங்கிய சிட்டிசன்ஸ் டிரஸ்ட் வங்கி இருக்கிறது. அங்கே கணக்குத் தொடங்கினால் உனக்கு இழப்பில்லை, 2,50,000 டாலர் வரை வைப்புத்தொகைக்குக் கூட்டரசின் காப்பீடு உண்டு. ரொட்டி, காய்கறி, குழாய் பழுது, கணக்கர் என்று எதற்கெல்லாம் முடியுமோ அதற்கெல்லாம் அக்கம்பக்கத்துச் சிறு வியாபாரிகளிடமே போ. சரக்கு வந்த வாரமே பணத்தைக் கொடுத்துவிடு. இரண்டு மாதக் கடன் சொல்வது பெரிய நிறுவனத்துக்கு ஒன்றுமில்லை, கையில் முதலில்லாத வியாபாரியை அது மூடவைத்துவிடும்.

வாடகை ஒப்பந்தம் கையெழுத்தானதும் எழுது. நான் பயன்படுத்தும் வேலை விளம்பர வாசகத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். உன் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள். மகளுக்கு எங்கள் ஆசிகளைச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்