குளவிக் கொட்டும் கவனயீன வழக்கும்

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. ஹட்டனில் மழை விட்டபாடில்லை. ரம்பொடைப் பக்கம் பாதை திறந்தாயிற்றா?

உன்னிடம் வந்திருக்கும் இளம் வைத்தியர்கள் வழக்கென்றாலே நடுங்குகிறார்கள் என்று எழுதியிருந்தாய். நோயாளி இறந்துவிட்டார் என்பது மட்டும் கவனயீனம் ஆகாது என்று முதலில் சொல்லு. நம் இலங்கையில் இது உரோம-டச்சுச் சட்டப்படி நடக்கும் நட்டஈட்டு வழக்கு. நியாயமான திறமையுள்ள வைத்தியர் அந்த நிலைமையில் செய்திருக்கக்கூடியதைச் செய்யவில்லை, அதனால்தான் பாதிப்பு வந்தது, இரண்டையும் வழக்காளிதான் நிரூபிக்க வேண்டும். இரண்டாவதில்தான் வழக்கு சறுக்கும். மூளைத்தண்டுக் கட்டியால் இறந்த சிறுமியின் வழக்கில் மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா நட்டஈடு கொடுக்கத் தீர்ப்பளித்தது. 2001இல் நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றம் கவனயீனத்தை ஏற்றுக்கொண்டும், நேரத்தோடு கண்டுபிடித்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்பது நிரூபணமாகவில்லை என்று நட்டஈட்டை மறுத்துவிட்டது.

வழக்குப் போட 2 வருடம்தான் தவணை. அரச வைத்தியசாலை என்றால் ஒரு மாத முன்னறிவித்தல் வேண்டும். கவனயீனத்தால் மரணமானால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு வேறு இருக்கிறது, 5 வருடம் வரை சிறை. மருத்துவ சபை விசாரணை இவை எதிலும் சேராது, அது தனி.

இனி உங்கள் வார்டுக்கு வருவோம். மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி ஒரு அம்மாவைத் தூக்கி வருகிறார்கள். உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு இழுக்கிறது, பிரஷர் இறங்குகிறது. பிரிட்டன் (Piriton) என்ற ஒவ்வாமை மருந்தும் ஹைட்ரோகோர்ட்டிசோன் என்ற ஸ்டீரொய்ட்டும் போட்டுவிட்டு அட்ரினலினைத் தள்ளிப்போடுவதுதான் இங்கே பெரிய பிழை. பெரியவருக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில், உடனே. குறையாவிட்டால் 5 நிமிடத்தில் மறுபடி. தெளிந்துவிட்டார் என்று ஒரு மணித்தியாலத்தில் வீட்டுக்கு அனுப்பினால், இரவு தோட்டத்து லயத்து வீட்டில் மறுபடி மூச்சு அடைக்கலாம். கொட்டு நிறைய இருந்தால் சிறுநீரின் அளவையும் நிறத்தையும் பார்க்க வேண்டும், சிறுநீரகம் அடுத்தடுத்த நாட்களில்தான் காட்டிக்கொடுக்கும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் பீஎச்டியில் (BHT, நோயாளியின் கட்டில் குறிப்பேடு) "அட்ரினலின் கொடுக்கப்பட்டது" என்று மட்டும் எழுதியிருந்தால், எத்தனை மணிக்கு என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். வந்த நேரம், ஊசி போட்ட நேரம், முன்னும் பின்னும் பிரஷர், நாடி, ஒட்சிசன் அளவு, கீழே பெயரும் கையொப்பமும். பிழையாக எழுதினால் ஒற்றைக் கோட்டால் வெட்டித் திகதியும் நேரமும் போட்டுக் கையொப்பமிடு. வெள்ளை மை பூசாதே, பக்கத்தைக் கிழிக்காதே. விட்டுப்போனதைப் பிறகு எழுதினால் பிறகு எழுதியதென்றே குறிப்பிடு. திருத்திய பீஎச்டி நல்ல வைத்தியரையும் பொய்யராக்கிவிடும்.

கண்டிக்கு அனுப்பும்போதும் அப்படித்தான். எத்தனை மணிக்கு முடிவு, யாரிடம் தொலைபேசியில் பேசியது, எப்போது அம்புலன்ஸ் புறப்பட்டது, கூடப் போனது யார். மண் சரிந்து பாதை மூடியிருந்தால் அதையும் எழுது. எழுதாத தாமதம் வைத்தியரின் தலையில்தான் விழும்.

நம் பக்கத்தில் என்னை அதிகம் உறுத்துவது சம்மதப் படிவம். தமிழ் மட்டும் தெரிந்த அம்மாவிடம் சிங்களப் படிவத்தில் பெருவிரல் அடையாளம் வாங்குவது சம்மதமே இல்லை. என்ன சத்திரசிகிச்சை, என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்னாகும், வேறு வழி உண்டா, நான்கையும் தமிழில் சொல்லி, "இப்போ நீங்க சொல்லுங்கம்மா" என்று திருப்பிக் கேட்கவேண்டும். மொழிபெயர்த்த தாதியின் பெயரும் பீஎச்டியில் இருக்கட்டும். கூட வந்த கங்காணியோ மகனோ போடும் கையொப்பம், சுயநினைவோடு இருக்கும் வயதுவந்தவரின் சம்மதத்துக்கு ஈடாகாது.

ஏதாவது நடந்துவிட்டால் குடும்பத்தாரை வராந்தாவில் காக்கவைக்காமல் பெரிய டொக்டரே உட்கார்ந்து பேசட்டும். வருத்தம் சொல்லலாம், தெரிந்ததைச் சொல்லலாம். யார் பிழை என்ற ஊகம் வேண்டாம்.

உங்கள் தமிழ்ப் படிவம் ஒன்றை அனுப்பு, வாசித்துத் திருத்தி அனுப்புகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் சட்டத்தரணி நண்பன்